காயம் சொல்லுதல்

ஜெயக்கொடி அக்கா,

ஹரிணியின் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் இந்தக் காகிதம் இருக்கும். எடுத்ததும் பதறிவிடாதீர்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஒன்றும் செய்துவிடவில்லை, மிஸ் எழுதி அனுப்பிய புகாரும் இல்லை. எழுதுவது நான், நித்யகலா. ஹரிணி போகிற வேனை ஓட்டும் அழகுமலை வீட்டுக்காரி. தெற்குத்தெரு கோதாவில் குஸ்தி போடுகிற அழகுமலை பெண்டாட்டி என்றால் உங்களுக்கு இன்னும் சட்டென்று பிடிபடும்.

அண்ணனிடம் காட்டுவதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை முழுக்கப் படித்துவிடுங்கள். அப்புறம் காட்டுவதா வேண்டாமா என்று நீங்களே... இல்லை, காட்டத்தான் வேண்டும். காட்டாவிட்டால் எழுதி என்ன பிரயோஜனம்? ஆனாலும் முதலில் நீங்கள் படியுங்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும். வருகிற ஞாயிற்றுக்கிழமை குஸ்தியில் சோலைராஜா அண்ணன் எங்கள் வீட்டுக்காரரின் கழுத்தில் பூட்டுப் போடக்கூடாது. அவர் கழுத்து சரியில்லை. போட்டால் அவர் எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதுதான் விஷயம். இதற்குத்தான் இவ்வளவும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உங்கள் நம்பர் வேன் குரூப்பில் இருக்கிறது, தெரியும். மூன்று தடவை எடுத்து வைத்துவிட்டேன். பேசினால் அழுதுவிடுவேன். டைப் செய்தால் கை தவறிக் குரூப்பிலேயே விழுந்துவிடுமோ என்று பயம். இருபத்திரண்டு பிள்ளைகளின் அப்பா அம்மா அதில் இருக்கிறார்கள். காகிதம் என்றால் நீங்கள் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடலாம். கான்வென்டில் சிஸ்டர் லியோனிலா எங்களுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதச் சொல்லிப் பழக்கினார். தபால்காரருக்கு, நோயுற்ற தோழிக்கு, தலைமையாசிரியைக்கு. எதிராளியின் மனைவிக்கு எப்படி எழுதுவது என்று மட்டும் சொல்லித்தரவில்லை.

குழந்தை யாழி தூங்குகிறாள். அத்தை உள்ளறையில் படுத்துவிட்டார். எங்கள் வீட்டுக்காரர் கோதாவில் இருக்கிறார், எண்ணெய் தேய்த்து உருட்டிவிட்டு அனுப்ப ஒன்பது மணி ஆகும். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

தட்டு வந்த அன்றிலிருந்து சொல்கிறேன். உங்கள் கோதாவிலிருந்து வந்த சவால் தட்டுதான், உங்களுக்குத் தெரியாததா? ஆனால் எங்கள் வாசலில் என்ன நடந்தது என்று நீங்கள் கேள்விப்பட்டது வேறு மாதிரி இருக்கும். நான் என்னவோ வீராவேசமாகப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனதாக இங்கே பேசிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை.

அன்றைக்கு அவர் வண்டியை எஃப்.சி.க்குக் காட்டப் போயிருந்தார். அத்தை ரேஷன் கடையில் நின்றார். நான் யாழிக்கு ராகிக் கூழ் ஆற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று வாசலில் உறுமிச் சத்தம். எட்டிப் பார்த்தால் உங்கள் பெரிய மீசைச் சித்தப்பா, அவர் பின்னால் மூன்று பேர். கையில் பித்தளைத் தட்டு. வெற்றிலை, ஒற்றை எலுமிச்சம்பழம், உங்கள் கோதாவிலிருந்து அள்ளிய ஒரு பிடி செம்மண். தட்டைத் தாண்டி எண்ணெய் வாசனை வந்தது, அந்த மண்ணுக்கு அப்படி ஒரு வாசனை.

"அழகுமலை இல்லியா தாயி?"

"வேலையாப் போயிருக்காங்க."

"செரி. வீட்டுல இருக்கவுக வாங்குனாலும் வாங்குனதுதேன். இல்லேன்னா ஒரு செம்பு மோரு குடு. வெயிலுக்குக் குடிச்சுப்பிட்டுப் போய்க்கிட்டே இருக்கோம். தப்பா நெனைக்க மாட்டோம்."

எனக்கு என்ன தெரியும் அக்கா? நான் இந்தத் தெருவில் பிறந்தவளா? எங்கள் அப்பா தபால் ஆபீஸ் கிளார்க். எங்கள் வீட்டில் யாராவது மல்லுக்கு நின்றார்கள் என்றால் அது தண்ணீர்க் குழாயில்தான். தட்டை உள்ளே வாங்கினால் சவாலை ஏற்றதாக அர்த்தம், மோர் கொடுத்தால் வேண்டாம் என்று அர்த்தம், இதெல்லாம் எனக்கு ரத்தத்தில் வந்ததா? மோரும் அன்றைக்கு இல்லை. பால் உறையவில்லை. பெரியவர்கள் ஒன்றை நீட்டினால் ரெண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும், நன்றி சொல்ல வேண்டும், அப்படித்தான் எங்களை வளர்த்தார்கள். ரெண்டு கையாலும் வாங்கினேன். "தேங்க்ஸ்" என்றுகூடச் சொல்லிவிட்டேன். உறுமிக்காரர் சிரித்துவிட்டார்.

"எங்க கோதாவுக்கு தேங்க்ஸ் சொன்ன மொத ஆளு நீதேன் தாயி" என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டு உறுமியை ஒரு இழுப்பு இழுக்கச் சொன்னார். அந்தச் சத்தத்திலேயே தெருவில் பாதிக் கதவு திறந்துவிட்டது.

அத்தை அரிசிப் பையோடு வந்தார். சாமி அலமாரியில் தட்டைப் பார்த்தார். பையைக் கீழே வைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார். அரிசி சிதறியது.

"ஆருடி இத உள்ள எடுத்து வச்சது?"

"நான்தான் அத்தை."

"நாலு வருசமா மோரக் குடுத்து மோரக் குடுத்துத் திருப்பி அனுப்பிக்கிட்டு இருக்கேன்டி நானு. எதுக்குன்னு நெனச்ச? எனக்கென்ன மோரு பொங்கி வழியுதா?"

எதுக்கு என்று நான் கேட்டேன். அத்தை உட்கார்ந்து அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தார். அவருக்கு மகனைப் பற்றிப் பயம், கிழவிகளுக்கு எல்லாவற்றுக்கும் பயம், இப்படித்தான் நான் நினைத்தேன். சத்தியமாக, கழுத்து விஷயம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. அது மட்டும் உண்மை.

வீட்டுக்காரர் மத்தியானம் வந்தார். தட்டைப் பார்த்தார். கைகால் கழுவினார், சாப்பிட்டார், ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்புறம்தான் கேட்டார்.

"நீதேன் வாங்குனியா?"

"ஆமா."

அந்த மண்ணை எடுத்து மோந்து பார்த்தார். "பயபுள்ளைக மஞ்சளக் கொறச்சுட்டாய்ங்க, எண்ணெயத்தேன் ஊத்தியிருக்காய்ங்க" என்று சிரித்தார். "சரி கலா. பங்குனிப் பொங்க ஞாயித்துக்கெழம பாக்க வந்துரு. பொம்பளைக வரிசையில முன்னாடி இடம் போடச் சொல்றேன்."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களிடம் மறைக்க மாட்டேன். கல்யாணமாகி ரெண்டரை வருஷம். அவர் குஸ்திக்காரர் என்று ஊர் சொல்லித்தான் கேட்டிருக்கிறேனே தவிர, அவர் தொடை தட்டி நான் பார்த்ததில்லை. நான் நர்சரிப் பள்ளியில் மிஸ்ஸாக இருந்தபோது அவர் அங்கே வேன் ஓட்டினார், அப்படித்தான் பழக்கம். பிள்ளைகளைக் கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கி இறக்கிவிடுவார். அந்தப் பலத்தைப் பார்த்துத்தான்... சரி, அது இப்போது எதற்கு.

அன்றைக்குச் சாயந்தரத்திலிருந்து தெரு தெருவாகவே இல்லை. உங்கள் பக்கமும் அப்படித்தான் இருந்திருக்கும். காளியம்மன் பங்குனிப் பொங்கலுக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கும்போதே ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். கறிக்கடை பாய் தினமும் நெஞ்செலும்பு கொடுத்துவிடுகிறார். முன்னே பின்னே பேசாதவர்கள் பாதாமும் முட்டையும் கொண்டுவந்து வைக்கிறார்கள். டீக்கடையில் அண்ணன் ஜெயிப்பாரா இவர் ஜெயிப்பாரா என்று ரெண்டு கிழவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நம் ஊரில் போன கவுன்சிலர் யார் என்று கேட்டால் யோசிப்பார்கள். முப்பது வருஷத்துக்கு முன் பங்குனியில் யார் யாரை எந்தப் பிடியில் மல்லாத்தினார் என்று கேட்டால் கிழவி எழுந்து நின்று பிடித்துக் காட்டுவாள். சின்னப் பிள்ளைகள் எங்கள் வீட்டு வாசல் மணலில் லங்கோட்டுக்குப் பதிலாகத் துண்டைக் கட்டிக்கொண்டு புரளுகிறார்கள். சோலைராஜாவாக இருக்க எவனும் ஒத்துக்கொள்வதில்லை என்று தினமும் சண்டை.

நானும்தான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தலையை நிமிர்த்தி நடந்தேன். தண்ணீர் லாரிக்கு நின்றால் "நீ முன்னாடி போத்தா" என்று வழி விடுகிறார்கள். கான்வென்ட்காரி என்று ஒதுக்கி வைத்தவர்கள்.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, யாழிக்கு ஃப்ராக் போட்டுவிடு என்று அவரிடம் கொடுத்தேன். பின்னால் ஒரு பித்தான். அதைப் போட முடியவில்லை அவருக்கு. விரல் அதன்மேல் வழுக்கி வழுக்கிப் போகிறது. "சின்னப் பித்தானா வாங்கியிருக்க" என்று என்னைத் திட்டினார். மறுநாள் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. கை சுடவில்லையா என்றேன். பார்த்தார். சுட்டிருந்தது, தோல் சிவந்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

அப்புறம் ரயில்வே கேட். அந்த இறக்கத்தில் வேன் கொஞ்சம் ஒதுங்கிப் போய்க் கல்லில் இடித்து நின்றதாக ஹரிணி உங்களிடம் சொல்லியிருக்கலாம். ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது என்று அவர் பிள்ளைகளிடம் சொன்னார். ஆடெல்லாம் இல்லை அக்கா. சாயந்தரம் என்னிடம் சொன்னார், முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"ஸ்டீயரிங்கு கையில இருக்கா இல்லையான்னே தெரியல கலா. கண்ணால பாத்துத்தேன் தெரிஞ்சுக்கிட்டேன்."

நல்லவேளை, அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஹரிணி முன் சீட்டில் உட்கார்ந்து ஆண்டுவிழாப் பாட்டைப் பாடிக்கொண்டே வந்தாளாம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல குரல் அவளுக்கு. அவர் எப்போதும் சொல்வார்.

அன்றைக்குத்தான் அத்தை வாயைத் திறந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் வெளியூர்க் கோதாவில் அவரைத் தலைகீழாகக் குத்திப் போட்டிருக்கிறார்கள். மூன்று மாதம் கழுத்தில் பட்டையோடு படுத்திருக்கிறார். கல்யாணப் பேச்சு வந்தபோது அதை மறைத்துவிட்டார்கள். "ஒங்க அப்பாகிட்டச் சொல்லியிருந்தா குடுத்திருப்பாரா?" என்றார் அத்தை. என்னத்தைச் சொல்ல. நானும் ஒரு தட்டைப் போலத்தான் இந்த வீட்டுக்குள் வாங்கப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் ஸ்கேன் எடுத்தோம். அவர் மாட்டேன் என்றார், யாழி தலைமேல் அடித்துச் சத்தியம் பண்ணுவேன் என்று சொல்லி இழுத்துப் போனேன். டாக்டர் சின்ன வயசு. பிளாஸ்டிக்கில் ஒரு கழுத்தெலும்பை மேஜைமேல் வைத்து, நடுவில் இருக்கிற மெத்தை மாதிரி ஒன்றைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். அது பிதுங்கி நரம்பை அமுக்குகிறது.

"இன்னொரு தடவை கழுத்து திருகுச்சுன்னா கை மட்டும் போகாது. காலும் போயிடலாம். ஒண்ணுக்கு வர்றதுகூடத் தெரியாது. புரியுதா? வெயிட்டு தூக்காதீங்க. வேலை என்ன பண்றீங்க?"

"டிரைவருங்க."

"என்ன வண்டி?"

அவர் என்னைப் பார்த்தார். "பைக்குங்க சார். சாமான் டெலிவரி."

நானும் பேசாமல் இருந்தேன். பைக்கும் வைத்திருக்கிறாரே, முழுப்பொய் என்று சொல்ல முடியாது. வேன் என்று சொன்னால் டாக்டர் ஏதாவது காகிதத்தில் எழுதிவைப்பார், அது பள்ளிக்கூடத்துக்குப் போகும், வண்டி போனால் எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது?

வெளியே வந்ததும், "குஸ்தி வேணாங்க. தட்டைத் திருப்பிக் குடுத்துருவோம்" என்றேன்.

"உள்ள வந்த தட்டு திரும்பாது."

"அப்ப கோதாவுல காயம் சொல்லுங்க. உங்க வழக்கத்துலயே இருக்குல்ல?"

அக்கா, இதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன் பாருங்கள். ரெண்டு பேரும் கை கோத்து நிற்கும்போது நடுவர் கேட்பார், காயம் உண்டா என்று. உடம்பில் எந்த இடம் என்று வாயால் சொல்லிவிட்டால், எதிராளி அந்த இடத்தைத் தொடக்கூடாது. தொட்டால் அவன் தோற்றவன். எவ்வளவு நல்ல வழக்கம். இவ்வளவு முரட்டு ஆட்டத்துக்குள் இப்படி ஒரு இரக்கத்தை யார் கொண்டுவந்து வைத்தார்களோ.

"காயம் சொன்னவன் ஜெயிச்சாலும் தலைப்பாகை கெடையாது, தெரியும்ல?" என்றார்.

"இல்லாட்டிப் போகட்டும்."

"ரெண்டாயிரம் பேரு நிப்பான். அதுல நம்ம வேனுல பிள்ளைய ஏத்துறவன் எத்தன பேரு? கழுத்துல காயம்னு என் வாயாலயே சொல்லணும், அவுக அத்தன பேரும் கேக்கணும். திங்கக்கெழம காலைல எவன் பிள்ளைய ஏத்துவான்?"

யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆனால் யாழி மேல் இல்லை, வெறும் கையில்தான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நேற்று காதர் வாத்தியாரின் சைக்கிள் கடைக்குப் போனேன். ரெண்டு கோதாவுக்கும் அவர்தானே நடுவர். யாழியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஏதோ தள்ளுவண்டிக்குக் காற்றடிக்க வந்தவள் மாதிரி நின்றேன். அங்கே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "ஆத்தாடி, பயில்வான் வீட்டம்மா! மதினி, அண்ணன் ராத்திரி குறட்ட விடுறாரா, இல்ல சோலைராஜா பேரச் சொல்லி ஒளறுறாரா?" என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியார் அதட்டி அனுப்பிவிட்டார்.

"என்னம்மா?"

"ஒருத்தருக்கு உடம்பு சரியில்லைன்னா, முன்னாடியே உங்ககிட்டச் சொல்லி வைக்கலாமா? நீங்க எதிராளிகிட்ட மட்டும் ரகசியமா..."

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்குன்னு இல்ல. பொதுவாக் கேக்குறேன்."

டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே பேசினார். "பொதுவாக் கேட்டா பொதுவாச் சொல்றேன். காயங்கிறது அவன் வாயால வரணும். எல்லாரு முன்னாடியும் வரணும். பொண்டாட்டி வாயால வந்தா அது காயமில்லம்மா, பஞ்சாயத்து. நான் பஞ்சாயத்து பண்றவன் இல்ல."

திரும்பி நடக்கும்போதுதான் தோன்றியது. பெண்டாட்டி நடுவரிடம் சொன்னால் பஞ்சாயத்து. பெண்டாட்டி பெண்டாட்டியிடம் சொன்னால் அதற்கு என்ன பெயர் என்று அவர் சொல்லவில்லையே.

அதனால்தான் எழுதுகிறேன் அக்கா. எழுத உட்கார்ந்த பிறகு இன்னொன்றையும் எழுதாமல் முடிக்க முடியாது போலிருக்கிறது. மேலே எழுதியதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத நேரமில்லை, காகிதமும் இல்லை, யாழியின் தடுப்பூசிக் கார்டோடு கொடுத்த நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மோர் இருந்தது. ஃப்ரிட்ஜில் ஒரு செம்பு நிறைய இருந்தது. அத்தை முதல்நாளே கடைந்து, கொத்தமல்லி போட்டு, "எவனாவது உறுமியத் தூக்கிக்கிட்டு வந்தா இதக் குடு" என்று என்னிடம் சொல்லித்தான் வைத்திருந்தார். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவர் கொடுத்து அனுப்பியதைக் கதவிடுக்கில் நின்று பார்த்தவள் நான். அந்த நாலு பேரும் குடித்துவிட்டுத் தெருமுனை திரும்பும்போது ஒரு சிரிப்பு சிரிப்பார்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

தடுப்பூசி போடப் போன அன்று சுகாதார நிலையத்தில் நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் தங்கச்சி குழந்தைக்காக வந்திருந்தீர்கள். நினைவிருக்கிறதா? யாழி எப்படித் தூங்குகிறாள் என்று கேட்டீர்கள். தொட்டிலில் என்றேன். "எங்க வீட்டுல மூணும் தலப்பாகத் தொட்டில்ல கெடந்ததுக. அந்தச் செகப்புத் துணி ஒடம்புல பட்டா பிள்ள சொகமாத் தூங்கும். ஒங்களுக்குச் சேலத் தொட்டிலுதானா?" என்றீர்கள்.

ஜெயித்தவனின் தலைப்பாகையைத் தொட்டில் கட்டுகிறது இந்த ஊர் வழக்கம் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். நீங்கள் இளக்காரமாகச் சொல்லவில்லை என்று இப்போது நினைக்கிறேன். சும்மா கேட்டிருப்பீர்கள். ஆனால் பக்கத்தில் இருந்த ரெண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். நான் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். வீட்டுக்கு வந்து தொட்டிலைப் பார்த்தேன். என் பழைய வாயில் சேலை, ஓரம் கிழிந்திருந்தது. அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரிடம் கேட்டேன், "உங்களுக்கு அந்த ஆளைப் பாத்தா பயமா?" என்று. அவர் வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். பயம்தான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துத் தட்டு வந்தது. நான் கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, போய் வாங்கினேன். தெரிந்துதான் வாங்கினேன் அக்கா. சிஸ்டர் லியோனிலா மேல் பழி போட்டது தப்பு.

உங்கள் மேல் போடவில்லை. போடுகிற மாதிரி எழுதியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். இந்தக் காகிதத்தில் இருப்பதைக் குரூப்பில் போட்டுவிடாதீர்கள், மற்ற அம்மாக்களிடம் சொல்லிவிடாதீர்கள். ஹரிணியையும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று அடுத்த வீட்டில் கேட்பார்கள், ஒன்றிலிருந்து ஒன்று தொடங்கிவிடும். குஸ்தி முடிந்ததும் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். அதுவரை மெதுவாகத்தான் ஓட்டுகிறார். நான் கேட்பது அதிகம் என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது. ஒரு தாய் இன்னொரு தாயிடம் இதைக் கேட்கலாமா? ஆனால் யாரிடம் கேட்பது? உங்களைத் தவிர எனக்கு இதில் வேறு ஆள் இல்லை.

பெரிய பயம் வேறொன்று. அண்ணன் இதைப் படித்துவிட்டு, சரி, கழுத்துத்தான் இடம் என்று அதையே தேடிப் பிடித்தால்? ஃப்ளெக்ஸில் 'கழுத்துப் பூட்டு மன்னன்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். நல்லவர் என்று ஊரில் சொல்கிறார்கள். போன வருஷம் தன்னிடம் தோற்றவனை அண்ணனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் என்று கேள்விப்பட்டேன். ஆனால் கொண்டுபோகிற மாதிரி ஆக்கியதும் அவர்தானே? இப்படி ரெண்டு பக்கமும் யோசித்து யோசித்து நேற்று ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டேன். உங்கள் வீட்டில் நீங்கள் சொன்னால் அவர் கேட்பாரா, அதுவும் எனக்குத் தெரியாது. ஒரு தடவை பார்த்த முகத்தை நம்பி எழுதுகிறேன்.

வெறுமனே கழுத்து என்று எழுதி நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். முழுக்கச் சொல்ல வேண்டாம், பாதி சொன்னால் பாதி ஆபத்து என்று. அதற்குப் பிறகு போனில் அண்ணனின் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தேன். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். ஐந்து ஆட்டம். எண்ணெய் வழுக்குகிற உடம்பு, ரெண்டு பேரும் மண்ணில் புரளுகிறார்கள், ஒரு பிடி கிடைத்தால் போதும் என்கிற வேகம். அந்த வேகத்தில் கழுத்தை விடு என்று எவ்வளவு நல்ல மனுஷனுக்குச் சொல்லி வைத்தாலும் கை பழகிய இடத்துக்குத்தான் போகும். அண்ணனின் கை ஐந்து தடவையும் ஒரே பக்கமாகத்தான் போனது. அவருடைய வலது கை, எதிராளியின் இடது காதுக்குக் கீழே.

அந்தப் பக்கம்தான் அக்கா. இடது பக்கம். அந்தப் பக்கம் திருகினால்தான் போகும் என்று டாக்டர் சொன்னார்.

எழுதிவிட்டேன். எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டார். காலைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். இடுப்பைக் கட்டித் தூக்கி மல்லாத்தச் சொல்லுங்கள். சீக்கிரம் மல்லாத்தச் சொல்லுங்கள். ஊரே பார்க்க அவர் முதுகில் மண் ஒட்டட்டும், உறுமி உங்கள் பக்கம் அடிக்கட்டும். அதன் பிறகு அவர் எழுந்து, என்னைத் திட்டிக்கொண்டே, தன் காலால் நடந்து வீட்டுக்கு வரட்டும்.